நாடக உடை வேலை: மலையகத்துப் பிள்ளைகள் கேட்பதும் நான் சொல்வதும்

ஹட்டனில் சனிக்கிழமைகளில் நாடக உடை வகுப்பு எடுக்கிறேன். மற்ற நாட்களில் பாடசாலை நாடகங்களுக்கும் தோட்டத்துக் கூத்துகளுக்கும் உடுப்பு தைக்கிறேன். பிள்ளைகளும் அவர்களுடைய அம்மா அப்பாக்களும் போன் எடுத்துக் கேட்கிற கேள்விகள் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருக்கின்றன. அடுப்பில் சாயம் கொதிக்கிற நேரத்தில்தான் போன் அடிக்கும் என்பதால் பதில்களை எழுதியே வைத்துவிட்டேன்.

நாடக உடை என்றால் தையல்தானே? நல்ல டெய்லரிடம் கொடுத்தால் போதாதா?

தைத்து வாங்கலாம், ஆனால் என்ன தைப்பது என்று டெய்லருக்கு யார் சொல்வது? கல்யாண ரவிக்கை போட்டவள் படத்துக்கு நின்றால் போதும். நாடகத்தில் அதே ரவிக்கையோடு கையைத் தலைக்கு மேல் தூக்கி ஒப்பாரி வைக்க வேண்டும், தரையில் விழ வேண்டும், அப்புறம் திரைக்குப் பின்னால் இருட்டில் ஒரு நிமிடத்துக்குள் அதைக் கழற்றி இன்னொன்று மாட்ட வேண்டும்.

நான் இதைப் பட்டுத்தான் கற்றேன். அருச்சுனன் தபசு ஆடுகிற ஒரு தோட்டத்துக்கு முதல்முறையாக உடுப்பு தைத்தேன். சிவனிடம் பாசுபதம் வாங்க அருச்சுனன் தவம் போகிற கதை. நட்டு வைத்த உயரமான மரத்தில் ஆடுபவர் பாட்டுப் பாடிக்கொண்டே ஏற வேண்டும். நான் பளபளவென்று சாட்டின் துணியில் காற்சட்டையும், ஓரமெல்லாம் தங்கச் சரிகையும் வைத்துக் கொடுத்தேன். ஒத்திகையில் கால்வாசி மரம் ஏறுவதற்குள் இரண்டு முறை சறுக்கினார். கூத்து வாத்தியார் என்னைக் கூப்பிட்டு, "தங்கச்சி, உடுப்பு நல்லாத்தான் இருக்கு, மரத்துக்குத்தான் புடிக்கல" என்றார்.

அன்றிரவே பிரித்தேன். தொடையின் உட்பக்கம் முழுவதும் கெட்டிப் பருத்தி. கவட்டில் சாய்சதுரமாக ஒரு துண்டு சேர்த்தால் கால் எவ்வளவு அகன்றாலும் தையல் இழுக்காது. சரிகையை முழங்காலுக்குக் கீழேயும் வெளிப்பக்கமும் மட்டும் விட்டேன். பழைய வேடக்காரர்கள் சல்லடம் என்று முழங்கால் வரை ஒன்று போடுவார்களே, கடைசியில் நான் போய்ச் சேர்ந்தது ஏறக்குறைய அதே வெட்டுத்தான்.

நீங்கள் எப்படி இந்த வேலைக்கு வந்தீர்கள்?

லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், எங்கள் காம்பிராவில் (அறையில்) ஒரு சிங்கர் மெசின் இருந்தது. அம்மா கொழுந்து எடுத்துவிட்டு வந்து இரவில் அக்கம்பக்கத்துக்கு ரவிக்கை தைப்பார். மாசி மாதம் வந்தால் காமன் கூத்துக்காரர்கள் வந்து நிற்பார்கள். அந்தக் காலத்துத் தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் வெள்ளித் தாளை உரித்து, கடதாசி மட்டையில் ஒட்டி, மதனுக்கு, அதாவது மன்மதனுக்கு, கிரீடம் செய்வார்கள். தாளின் சுருக்கத்தை ஒரு கரண்டியின் முதுகால் தேய்த்து எடுப்பது என் வேலை. பக்கத்தில் பார்த்தால் பெட்டிக் குப்பை. தீப்பந்த வெளிச்சத்தில் இருபது முழம் தள்ளி நின்று பார்த்தால் வெள்ளிக் கிரீடம். அந்த வித்தியாசத்தில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

காமன் கூத்து, பொன்னர் சங்கர் எல்லாம் பழைய விஷயம். இன்றைய நாடகத்துக்கு அதில் படிக்க என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. இந்தக் கேள்வியைக் கேட்பவர்களை மாசி மாதம் ஒரு தோட்டத்துக்குக் கூட்டிப்போய்விடுவேன், வாயால் சொல்லிப் புரியாது.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். தவத்தில் இருக்கும் சிவன்மேல் தேவர்களுக்காக மன்மதன் அம்பு விட, நெற்றிக்கண் திறந்து மன்மதன் எரிகிறான், ரதி புலம்புகிறாள். ஆனால் இதற்கு மேடை கிடையாது. லயத்து வாசல், கோயிலடி, பாதை, எங்கும் ஆட்டம். பார்ப்பவர்கள் நான்கு பக்கமும் நிற்பார்கள். அப்படியானால் உடுப்புக்கு முன்பக்கம், பின்பக்கம் என்று எதைச் சொல்வது? பாடசாலை மேடைக்குத் தைப்பவர்கள் முதுகில் ஊசி குத்தி மறைத்துவிடுவார்கள். கூத்தில் அந்த ஏமாற்று நடக்காது.

இரண்டாவது, ஆள் தூரத்தில் வரும்போதே யாரென்று தெரிய வேண்டும். மைக் இல்லாத காலத்தில் தப்பு மேளம் அடிக்கிற சத்தத்துக்கு நடுவே வீரபத்திரன் ஓடி வருகிறான். அவன் வசனம் பேசித் தன்னை அறிமுகப்படுத்த முடியாது. கிரீடத்தின் உருவம், தோளின் அகலம், நிறம் மூன்றும் பேசிவிடும். எங்கள் தோட்டத்தில் மதன் எரிந்த பிறகு ரதி வெள்ளைச் சேலையில் வருவாள். அதுவரை மினுங்கிய ரதி அப்படி வந்து நிற்கும்போது கூட்டத்தில் பெண்கள் அழுவார்கள். ஒரு வார்த்தை பாடியிருக்க மாட்டாள். உடை மாற்றத்தைக் கதையின் எந்த இடத்தில் வைப்பது என்று வகுப்பில் நான் மூன்று வாரம் சொல்லித் தருவது இந்த ஒரு காட்சியில் இருக்கிறது.

மட்டக்களப்பையும் பார்க்கச் சொல்வேன். அங்கே கூத்தில் வடமோடி, தென்மோடி என்று இரண்டு பாணிகள். வடமோடிக் கூத்தில் அரச வேடத்துக்குக் கரப்புடுப்பு உண்டு. இடுப்பிலிருந்து கரப்புக் கூடை கவிழ்த்தது போல விரிந்து நிற்கும். அந்தக் கனத்தோடு ஆடும்போது சுழற்சிக்கே ஒரு கம்பீரம் வருகிறது. தென்மோடியில் உடுப்பு இலகு, ஆட்டமும் வேறு. உடுப்பு ஆட்டத்தை மாற்றும், ஆட்டம் உடுப்பை மாற்றும்.

நம் மலைப்பக்கமே பேராதனையில் 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பல்கலைக்கழக மாணவர்களை வைத்து இப்படியான கூத்துகளைச் சுருக்கி மேடைக்குக் கொண்டுவந்தார். விடிய விடிய ஆடுவதைச் சில மணி நேரத்துக்குள் அடக்கினால் உடுப்பையும் புதிதாக யோசிக்க வேண்டியிருக்கும். அதற்குச் சில வருடம் முன்பு, 1956இல் வந்த சரச்சந்திரவின் 'மனமே' என்ற சிங்கள நாடகத்துக்கு உடையும் ஒப்பனையும் வடிவமைத்தவர் சிரி குணசிங்க. அவர் கலை வரலாறு படித்தவர், கவிஞர். தையல் மெசினில் உட்காராமலும் இந்தத் தொழிலில் பெரிய வேலை செய்யலாம் என்பதற்குச் சொல்கிறேன்.

எங்கே படிப்பது?

உடைக்கென்று தனியாகத் தமிழில் ஒரு பட்டப்படிப்பைத் தேடி அலையாதீர்கள். நாடகத்தைப் படித்து அதற்குள் உடையைப் பிடியுங்கள், இல்லையென்றால் உடையைப் படித்து நாடகத்துக்கு வாருங்கள்.

முதல் வழிக்குப் பாடசாலையிலேயே தொடக்கம் இருக்கிறது. நாடகமும் அரங்கியலும் சாதாரண தரத்திலும் உயர்தரத்திலும் பாடமாக உண்டு. காட்சி விதானிப்பு, வேட உடை, ஒப்பனை எல்லாம் அதில் வரும். அதற்கு மேல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமும், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகமும் தமிழில் இருக்கின்றன. இரண்டாவது வழிக்கு மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் ஆடை வடிவமைப்புப் பட்டம் உண்டு. அங்கே உளச்சார்புப் பரீட்சை எழுத வேண்டும், படிப்பு ஆங்கிலத்தில்.

இரண்டும் கைகூடாதவர்கள் தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையங்களில் தையல் படித்து என்விகியூ (தேசிய தொழில் தகைமை) சான்றிதழ் எடுங்கள். என்னிடம் வரும் பிள்ளைகளில் பாதிப் பேரை நானே முதலில் அங்கேதான் அனுப்புகிறேன். ரவிக்கைக்குக் கை பொருத்தத் தெரியாமல் வீரபத்திரனுக்குத் தோள் கட்ட வர வேண்டாம்.

எனக்குப் படம் வரைய வராது. பரவாயில்லையா?

பரவாயில்லை. இயக்குநருக்கும் தைப்பவருக்கும் விளங்கினால் போதும். நான் இன்றைக்கும் கைவிரல்களை ஒழுங்காக வரையமாட்டேன், எல்லா வேடமும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கும். துணித் துண்டை வெட்டிப் படத்தின் ஓரத்தில் ஒட்டிக் கொடுங்கள். வரைந்த நிறத்தைவிட அதைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள்.

ஒரு நாடகம் கிடைத்தால் முதல் வேலை என்ன?

துணிக்கடைக்கு ஓடாமல் இருப்பது.

பிரதியை மூன்று முறை வாசிக்கிறேன். பிறகு ஒரு பெரிய கடதாசியில் மேலே காட்சிகளையும் பக்கத்தில் பாத்திரங்களையும் எழுதிக் கட்டம் போடுவேன். யார், எந்தக் காட்சியில், எதைப் போட்டிருக்கிறார், அடுத்த காட்சிக்கு எவ்வளவு நேரம். இந்தக் கடதாசியில்தான் பிரச்சினைகள் கண்ணில் படும். கங்காணியாக வெளியே போகிறவர் அடுத்த காட்சியில் வெள்ளைக்காரத் துரையாக வர வேண்டும், நடுவில் ஒரு பாட்டு மட்டும்தான் என்றால், துரையின் சட்டையும் காற்சட்டையும் ஒன்றாகச் சேர்த்துத் தைத்து, முன்பக்கம் போலிப் பொத்தான் வைத்து, உள்ளே வெல்க்ரோ போட வேண்டும். வெல்க்ரோ கிழிகிற சத்தம் சபை வரை கேட்கும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். தப்பு அடிக்கும்போது கழற்றச் சொல்லுங்கள்.

அளவு நீங்களே எடுங்கள். "போன வருஷ அளவுதான் டீச்சர்" என்று பிள்ளைகள் எழுதிக் கொடுத்ததை நம்பி ஒரு பாடசாலைக்குப் 12 சிப்பாய்ச் சட்டை தைத்தேன். 14 வயதுப் பையன்கள் ஒரு வருடத்தில் எப்படி வளர்வார்கள் என்று எனக்குத் தெரியாதா? இருந்தும் தைத்தேன். அதிலிருந்து ஓரத் தையலில் ஒரு அங்குலத் துணி உள்ளே விடாமல் எதையும் வெட்டுவதில்லை. நெஞ்சு, இடுப்பு எல்லோரும் எடுப்பார்கள். கழுத்தெலும்பிலிருந்து இடுப்பு வரை, தோளிலிருந்து கவட்டைச் சுற்றித் திரும்பத் தோள் வரை, தலைச் சுற்றளவு, இந்த மூன்றைத்தான் மறப்பார்கள். குனிந்தால் பின்னால் கிழிகிறதே, அது இரண்டாவதை மறந்ததன் பலன்.

தோட்டத்து மக்களை மேடையில் காட்ட என்ன உடுத்துவது?

இதில் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்த்தினப் போட்டி நாடகமென்றால் கொழுந்து எடுக்கும் பெண்ணுக்குப் புத்தம்புதுப் பச்சைப் பாவாடை, மல்லிகைப் பூ, முதுகில் அழகுக்கு ஒரு குட்டிக் கூடை. சுற்றுலா விளம்பரத்தில் வருவது போல. அந்தப் பிள்ளையின் அம்மா அன்று காலையில் மலைக்குப் போனது எப்படியென்று அவளுக்கே தெரியும். இடுப்பில் படங்கு என்கிற தடித்த துணியைச் சுற்றி, கயிற்றால் இறுக்கி, மழைக்குத் தலையை மூடி, கூடைக் கயிறு தலையில் அழுந்த. அதை மேடையில் உடுத்தச் சொன்னால் வெட்கப்படுகிறாள். அந்த வெட்கத்தைப் பற்றிப் பேசாமல் நான் ஊசியை எடுப்பதில்லை.

வகுப்பில் ஒரு வேலை கொடுப்பேன்: வீட்டில் மலைக்குப் போகும் ஒருவருடைய பழைய ரவிக்கையையோ சட்டையையோ கேட்டு வாங்கி வந்து, எங்கே தேய்ந்திருக்கிறது என்று பார்த்து எழுத வேண்டும். கூடை உரசும் முதுகு வெளுத்திருக்கும். படங்குக் கயிறு கட்டும் இடத்தில் ஒரு வரி. முழங்கைக்குக் கீழே செடி கீறிய நூல் இழுவைகள். கொழுந்துச் சாறு பட்ட விரல் கறுப்பது போலவே கைநுனித் துணியும் கறுத்திருக்கும். ஒரு பிள்ளை அப்பாவின் சட்டையைக் கொண்டுவந்தான், வலது தோள் மட்டும் நைந்து. மருந்துத் தாங்கி தோளில் தூக்குகிறவர். அந்தச் சட்டையைப் பார்த்தால் வசனமே வேண்டாம்.

மலையக மக்கள் இந்தியாவிலிருந்து வந்த 200 வருட நினைவாக 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் போனார்கள். அன்று வந்திறங்கிய மக்களின் கதையை அந்த வருடம் நாடகமாக்கிய பாடசாலைகள் பல. என்னிடம் கேட்டவர்களுக்கு ஒன்றுதான் சொன்னேன்: நடந்து வந்தவர்களின் உடுப்பு கீழிருந்து மேலே அழுக்காகும். பாதத்தில் சேறு, முழங்காலில் புழுதி, தோளில் வியர்வை உப்பு. கன்னத்தில் மையைப் பூசினால் அழுக்கு ஆகாது.

கங்காணிக்குத் தலைப்பாகை, வேட்டி, மேலே கறுப்புக் கோட்டு. அந்தக் கோட்டு அவருக்கு அளவாக இருக்கக் கூடாது என்பது என் கட்சி. தோள் சற்று இறங்கி, கை சற்று நீண்டு, வேறொருவருடைய அதிகாரத்தைப் போட்டுக்கொண்டது போல இருக்கட்டும். சில இயக்குநர்கள் ஒத்துக்கொள்வதில்லை.

புதுத் துணியைப் பழையதாக்குவது எப்படி?

நாம் இருக்கும் ஊரில் இதைக் கேட்கலாமா? தேயிலைதான்.

பருத்தித் துணியை முதலில் நன்றாகத் துவைத்துக் கஞ்சியை எடுங்கள். இரண்டு மீற்றருக்கு 100 கிராம் டஸ்ட் தூள். பெரிய சட்டியில் கால் மணி நேரம் கொதிக்கவிட்டு, வடிகட்டி (வடிகட்டாவிட்டால் புள்ளி புள்ளியாகப் பிடிக்கும்), ஈரத் துணியை அமுக்கி அரை மணி நேரம் கிளறிக்கொண்டே இருங்கள். கொஞ்சம் படிகாரம் போட்டால் சாயம் ஒட்டும். ஈரத்தில் பார்த்து முடிவெடுக்காதீர்கள், காய்ந்தால் ஒரு படி வெளுக்கும்.

சாம்பல் கறுப்பு வேண்டுமா? துருப்பிடித்த ஆணிகளை வினாகிரியில் ஒரு வாரம் ஊறப்போட்ட தண்ணீரில் ஒரு கரண்டி எடுத்து, ஒரு வாளித் தண்ணீரில் கலந்து, தேயிலைச் சாயமிட்ட துணியை நனையுங்கள். கண் முன்னாலேயே பழுப்பு கறுக்கும். பிள்ளைகள் கைதட்டுவார்கள். தேயிலைத் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து மை ஆகிறது, அவ்வளவுதான். கூடினால் நாளடைவில் துணி இற்றுப்போகும், அதனால் வாடகைக்குப் போகும் உடுப்பில் இதைச் செய்யாதீர்கள். பொலியெஸ்டரில் தேயிலை பிடிக்காது. தேய்மானத்துக்கு முழங்கையிலும் முழங்காலிலும் மண்தாள்.

கூத்தில் தீப்பந்தம் பிடிக்கிறார்களே, பயமில்லையா?

பயம்தான். தோலை இறுக்கத் தப்பை நெருப்பில் காய்ச்சுகிறார்கள், பந்தம் சுழல்கிறது, ஆடுபவர் அருள் வந்த நிலையில் இருப்பார். நைலோனும் பொலியெஸ்டரும் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். பருத்தி எரியும், ஆனால் உருகி ஒட்டாது. கம்பளி சுலபத்தில் தீப்பிடிக்காது. ஆகவே நெருப்புப் பக்கம் போகும் வேடத்துக்கு உள்ளே பருத்தி, தொங்கல்கள் இல்லாமல், ஜிகினாத் தாள் முழங்கைக்கு மேல் மட்டும். சணல் முடி வேண்டவே வேண்டாம். ஈரமான கம்பளியோடு ஒருவர் ஓரத்தில் நிற்க வேண்டும். இதற்குச் சம்மதிக்காத குழுவுக்கு நான் தைப்பதில்லை.

நுவரெலியா குளிரில் இந்த உடுப்போடு எப்படி நிற்பது?

கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர், மாசி இரவு, வெற்று மேலோடு சிவன். நடுங்குகிற சிவனை யார் நம்புவார்கள்? தோல் நிறத்தில் மெல்லிய பனியனை நீளக் கையோடு தைத்து அதன் மேல் திருநீறு பூசுங்கள். தேவர்களின் பட்டுக்குள் பிளானல் வையுங்கள். வேடம் இரண்டு சுற்று பருமனாகும், அது தேவர்களுக்கு நல்லதுதான்.

குளிரைவிட ஈரம்தான் எதிரி. மூடுபனி நாட்களில் காயாத உடுப்பைப் பெட்டிக்குள் வைத்தால் ஒரே கிழமையில் கரும்புள்ளி. பொலித்தீன் உறையில் கட்டாதீர்கள், பழைய பெட்சீற்றில் தொங்கவிடுங்கள். துவைக்க முடியாத மணி வேலைகளின் வியர்வை நாற்றத்துக்குத் தண்ணீர் கலந்த ஸ்பிரிட்டை உட்பக்கம் தெளித்துக் காற்றில் விடுங்கள். முதலில் ஓரத்தில் தெளித்துச் சாயம் போகிறதா என்று பாருங்கள்.

துணி எங்கே வாங்குகிறீர்கள்?

சின்ன வேலைக்கு ஹட்டன், கண்டி. பெரிய வேலைக்குக் கொழும்பு புறக்கோட்டை. மகரகம பக்கம் பமுனுவவில் துணி நிறுத்தும் கிடைக்கும், கூட்டக் காட்சி உடுப்புகளுக்கு அது வசதி. மேடையில் என்ன வெளிச்சம் என்று கேட்டுவிட்டுப் போங்கள். பச்சை விளக்கின் கீழே சிவப்புச் சேலை கறுப்பாகத் தெரியும்.

இதில் பிழைக்க முடியுமா?

நாடகத்தை மட்டும் நம்பினால் கஷ்டம். நான் கல்யாண ரவிக்கை தைக்கிறேன், பரதநாட்டிய உடுப்பு தைக்கிறேன், ஜனவரியில் பாடசாலைச் சீருடை. நாடகம் மாசியிலும் போட்டிக் காலத்திலும் வரும். தொகை எழுதினால் அடுத்த மாதமே பொய்யாகிவிடும். துணிக் காசு முன்பணம், கூலியில் பாதி பிட்டிங் அன்று, மீதி ஆடை ஒத்திகைக்கு முன். மேடையேறிய பிறகு வாங்கலாம் என்று ஒரு அமைப்புக்கு 23 உடுப்பு தைத்துக் கொடுத்தேன். விழாவில் பொன்னாடை போர்த்தினார்கள். காசு வரவில்லை. பொன்னாடையை வெட்டி இந்திரனுக்கு அங்கவஸ்திரம் ஆக்கிவிட்டேன்.

ரதி வேடம் ஆண் போடும்போது என்ன கவனிக்க வேண்டும்?

கேலியாக்காமல் இருப்பதை. நெஞ்சில் எதையாவது அடைப்பதை விடத் தோளைக் குறுக்கிக் காட்டுவதுதான் வேலை: கைத் தையலை ஒரு அங்குலம் உள்ளே கொண்டுவாருங்கள், கழுத்தை அகலமாக வெட்டாதீர்கள், இடுப்புக்குக் கீழே கொசுவத்தைக் கூட்டுங்கள். இரண்டு நாள் முன்பே சேலையோடு நடக்கச் சொல்லுங்கள்.

டீச்சர், நானும் கற்பிக்க வரலாமா?

வாருங்கள், ஆள் தேவை. முதல் நாளே கத்தரிக்கோலைக் கொடுத்துவிடாதீர்கள். நான் ஒரு பழைய கம்பளியை நடுவில் போட்டு, அதை வைத்தே பாட்டியாக, மகாராணியாக, சவமாக, குழந்தையோடு நடப்பவளாக வரச் சொல்வேன். வெட்டக் கூடாது, ஊசி குத்தக் கூடாது. ஒரு மணி நேரத்தில் யாருக்குக் கண் இருக்கிறது என்று தெரிந்துவிடும். வாய் ஓயாமல் பேசுகிற பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் மகாராணி நன்றாக வரும். சவத்தை வெகு அமைதியான ஒரு பெண்தான் செய்தாள். கம்பளியை முகம் மூடாமல் கால் மட்டும் மூடிப் படுத்தாள். எல்லோரும் சட்டென்று பேசாமல் ஆனோம். இப்போது அவள் என் வகுப்பில் அளவு எடுக்கக் கற்றுக்கொடுக்கிறாள்.

உடுப்பு வாடகைக்குத் தருவீர்களா?

தருவேன். துவைக்காமல் திருப்பித் தாருங்கள், ஜிகினாவை அயன் பண்ணாதீர்கள், கிழிந்தால் பசை போட்டு ஒட்டாமல் கிழிந்தபடியே கொண்டுவாருங்கள். கிரீடத்தைப் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோங்கள், மேலே தட்டில் போடக் கூடாது.

எமனின் பாசக்கயிறு ஒன்று இரண்டு வருடமாகத் திரும்பவில்லை. வைத்திருப்பவர் இதைப் பார்த்தால் ஹட்டன் பக்கம் வரும்போது கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள், மாசி நெருங்குகிறது.